135 திறந்தாச்சு, டிரான்சாக்ஷன் மட்டும் போகவில்லை: எம்எஸ்டிடிசி-யோடு பட்ட பாடு

லிங்க்டு சர்வரில் (நம் எஸ்க்யூஎல் சர்வரோடு இணைத்து வைத்த இன்னொரு டேட்டாபேஸ் சர்வர்) செலக்ட் ஓடுகிறது, தனியாக அப்டேட்டும் ஓடுகிறது. இரண்டு சர்வரையும் ஒரே டிரான்சாக்ஷனில் சேர்த்தால் மட்டும் 7391 பிழை. எஸ்க்யூஎல் சர்வரின் 1433-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தரவு போவதுதான் 1433-இல். கமிட்டா ரோல்பேக்கா என்ற பேச்சு இரண்டு பக்கத்து எம்எஸ்டிடிசி-க்கும் (பல சர்வர்களில் பரவிய டிரான்சாக்ஷனை ஒருங்கிணைக்கும் விண்டோஸ் சர்வீஸ்) நடுவே ஆர்பிசி (ஒரு மெஷின் இன்னொன்றின் சர்வீஸை அழைக்கும் முறை) வழியாகத் தனியே நடக்கிறது. இதை நெட்வொர்க் குழுவுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"135 கேட்டீங்க, திறந்தாச்சு, டெல்நெட் போகுது" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். 135 வெறும் வரவேற்பு மேசை. எம்எஸ்டிடிசி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அது எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அடுத்த இணைப்பு அந்த எண்ணுக்குப் போகும். விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து அது 49152 முதல் 65535 வரை எதுவாகவும் இருக்கலாம், சர்வீஸை மறுபடி தொடங்கினால் மாறவும் மாறும். "நேத்து ஓடுச்சே" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஃபயர்வால் லாகில் 135-ஐ வைத்துத் தேடச் சொல்லாதீர்கள், பச்சையாகவே காட்டும். இரண்டு ஐபி-க்கும் நடுவே டிராப் ஆன எல்லாவற்றையும் கேளுங்கள்.

பதினாறாயிரம் போர்ட்டைத் திறக்க எந்தப் பாதுகாப்புக் குழுவும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. ரெஜிஸ்ட்ரியில் ஆர்பிசி வரம்பைச் சுருக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது அந்த மெஷினில் உள்ள எல்லா ஆர்பிசி சர்வீஸையும் பாதிக்கும். பத்து இருபது போர்ட் என்று கஞ்சத்தனம் பிடித்தால் வேறு ஏதோ ஒன்று படுத்துக்கொள்ளும். ரீபூட்டும் வேண்டும். எம்எஸ்டிடிசி-க்கு மட்டும் ஒரு போர்ட்டை நிலையாக ஒதுக்குவதே உருப்படியான வழி: ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், எம்எஸ்டிடிசி என்ற கீயின் கீழ் 'சர்வர்டிசிபிபோர்ட்' என்று ஒரு டிவேர்டு. மதிப்பு, உதாரணத்துக்கு, 5100. ரெஜ்எடிட் முதலில் ஹெக்ஸாடெசிமலில்தான் நிற்கும். டெசிமலுக்கு மாற்றாமல் 5100 என்று அடித்தால் உண்மையில் பதிவது 20736. சர்வீஸை மறுபடி தொடங்கி, நெட்ஸ்டாட்டில் எம்எஸ்டிடிசி-யின் பிஐடி (பிராசஸ் எண்) எந்த போர்ட்டில் லிசன் செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஃபயர்வால் கோரிக்கையை எழுதுங்கள்.

கோரிக்கையில் இரண்டு திசையும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்து எம்எஸ்டிடிசி-யும் திரும்ப இந்தப் பக்கம் புதிதாக இணைப்பைத் தொடங்கும். "ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால்தானே, பதில் தானாக வரும்" என்பார்கள். இது பதில் இல்லை, தனி இணைப்பு. ஆகவே அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் 135, 5100 இரண்டும். விண்டோஸின் சொந்த ஃபயர்வாலில் இதற்கென்றே தயாராக ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. எனேபிள் செய்தால் போதும்.

அடுத்த பொறி பெயர். ஐபி-யோ முழு டொமைன் பெயரோ வேலை செய்தால் போதாது. எதிர் மெஷினின் குட்டிப் பெயர் இரண்டு பக்கமும் ரிசால்வ் ஆக வேண்டும். டிஎம்இசட்-இல் (உள் நெட்வொர்க்குக்கும் வெளி உலகுக்கும் நடுவே ஒதுக்கிய பகுதி) இருக்கும் மெஷினில் இது அநேகமாக ஆகாது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. நடுவே நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு) இருந்தால் தலைவலி தனி, முடிந்தவரை தவிருங்கள்.

காம்போனென்ட் சர்வீசஸில் நெட்வொர்க் டிடிசி ஆக்ஸஸ், இன்பவுண்ட், அவுட்பவுண்ட் டிக் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததே. பிழை எண் 8004டி024 என்றால் இந்தப் பக்கம் டிக் இல்லை, 8004டி025 என்றால் எதிர்ப்பக்கம் இல்லை. 8004டி02ஏ அல்லது 02பி வந்தால் டிக்கைக் குடைய வேண்டாம், போர்ட்டையும் பெயரையும் பாருங்கள். ஒரே டொமைனிலோ ஒன்றையொன்று நம்பும் டொமைன்களிலோ இல்லாத மெஷின்களுக்கு மியூச்சுவல் ஆதென்டிகேஷன் நடக்காது. இரண்டு பக்கமும் 'நோ ஆதென்டிகேஷன்' வைக்க வேண்டிவரும். அப்படி வைத்தால் ஃபயர்வால் விதியில் ஐபி-யை இறுக்கிக் கட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? சிஸ்பிரெப் (மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) செய்யாமல் குளோன் எடுத்த விஎம்-களா என்று கேளுங்கள். இரண்டிலும் சிஐடி (எம்எஸ்டிடிசி-யின் அடையாள எண்) ஒன்றாக இருக்கும், இணைப்பைச் சோதிக்கும் டிடிசிபிங் கருவி எச்சரிக்கையும் தரும். எம்எஸ்டிடிசி-யை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்தால் புது சிஐடி வரும். அதற்கு முன் முடியாத டிரான்சாக்ஷன் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள், லாகோடு போய்விடும். டிக்குகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், திரும்பப் போட வேண்டும்.

டிடிசிபிங் தனக்கென்று வேறு போர்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் 5100 மட்டும் திறந்த இடத்தில் அது தோற்றாலும் எம்எஸ்டிடிசி ஓடலாம். கடைசிச் சோதனைக்கு எக்ஸாக்ட்-அபார்ட் ஆன் வைத்து, பிகின் டிஸ்ட்ரிபியூட்டட் டிரான் போட்டு, லிங்க்டு சர்வரில் ஒரு வரியை அப்டேட் செய்து ரோல்பேக் செய்யுங்கள். இதையே எதிர்த்திசையிலும் ஒருமுறை.

சோதனைகளின் நடுவே அறுந்த டிரான்சாக்ஷன்கள் டேட்டாபேஸ் லாக்கை (பூட்டை) பிடித்துக்கொண்டு தொங்கும். லாக்குகளின் டிஎம்வி-யில் (சர்வரின் நிலையைக் காட்டும் வியூ) செஷன் எண் -2 என்று தெரிந்தால் அதுதான். ஓனர் ஜியுஐடி-யை (அந்த டிரான்சாக்ஷனின் அடையாளம்) எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்து கில் கொடுங்கள்.