அப்பாயியின் சீட்டு நோட்டு

4 மார்ச் 2025
விடியற்காலை 3.40. நான் காப்பி வாங்கக் கீழே போயிருந்தேன்.

அன்றே, இரவு
சிங்கப்பூர்த் தமிழ் முரசுக்கு அப்பாயியின் மரண அறிவிப்பு எழுத உட்கார்ந்தால் வயசில் வந்து முட்டிக்கொண்டது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், 1 ஜனவரி 1934. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. “கப்பல் ஏத்தறப்ப வயசைக் கூட்டிச் சொல்லிட்டாங்கடி, அம்மாவுக்கு நாலு வயசு கம்மி” என்கிறார் அத்தை. “ஐசியில இருக்கறதப் போடு” என்றார் சித்தப்பா. 91 என்று போட்டாயிற்று.

6 மார்ச்
மண்டாய் தகனச்சாலை. முடிந்தது.

7 மார்ச்
படகில் புலாவ் செமாக்காவுக்குத் தெற்கே போய் அஸ்தி கரைத்தோம். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினதிலிருந்து பினாங்கு வரை வாந்தி தவிர வேறெதுவும் ஞாபகமில்லை என்று அப்பாயி நூறு தடவை சொல்லியிருப்பார். இன்று தம்பி மகன் படகு கிளம்பிப் பத்தே நிமிஷத்தில் ஆரம்பித்துவிட்டான். “ரத்தம்டி, எங்க போகும்” என்றார் அத்தை. சிரித்துவிட்டோம்.

9 மார்ச்
அலமாரியில் சேலைகளுக்கு அடியில் சீட்டு நோட்டு. அப்பாயிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். தாத்தா பிரிட்டிஷ்காரன் நேவல் பேஸில் சம்பளம் வாங்கிய காலத்திலிருந்தே சீட்டுப் பிடித்தவர். 1971-ல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போனபோது பக்கத்து வீடுகளெல்லாம் கலங்கி நிற்க, எங்கள் வீட்டில் உலை கொதித்ததற்குக் காரணம் அந்தச் சீட்டுதான் என்று அப்பா சொல்வார். ஆளுக்கு ஒரு படம் போட்டிருக்கிறார். மீன் என்றால் தேக்காவில் மீன் விற்றவர் சம்சாரம். கத்திரிக்கோல் தையல்காரம்மா. பூனை எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக், அவரிடம் ஒரு காலத்தில் ஐந்து பூனை. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே கட்டினது, எடுத்தது, எல்லாம் துல்லியம். என் எக்செல் கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

கடைசிப் பக்கத்தில் ஒரு குடை. அதற்கு வரவே இல்லை, செலவு மட்டும். மாதம் 50 வெள்ளி, மாதத்துக்கு ஒரு கோடு. எண்ணிப் பார்த்தேன். 113.

10 மார்ச்
குடை யார்?

11 மார்ச்
சித்தப்பாவிடம் கேட்டேன். “கோயிலுக்கா இருக்கும்” என்றார், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். கோயிலுக்கு எதற்குக் குடை? உற்சவக் குடை என்றார். அப்பாயி கோயில் உண்டியலில் போட்டதைக் கணக்கு வைக்கிற ஆளா?

13 மார்ச்
நோன்பு திறந்த கையோடு மக்சிக் கஞ்சி கொண்டுவந்தார். அப்பாயி இருந்தால் இந்நேரம் இரண்டு பேரும் மலாயில் ஒரு மணி நேரம் அளந்திருப்பார்கள். நோட்டைக் காட்டினேன். பூனையைப் பார்த்து அழுதார். பக்கத்தைத் திருப்பிக் குடையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

குடை, மூன்றாவது புளோக்கில் இருக்கிற அம்மா. வெயிலோ மழையோ குடையில்லாமல் இறங்க மாட்டாராம். சித்தப்பா நாலு நம்பர் லாட்டரியில் விட்ட பணத்துக்கு அவரிடம் 6,000 வெள்ளி வாங்கி அடைத்தாராம் அப்பாயி. “உன் சித்தப்பாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்றாள்.” அப்புறம் “தாக் அப்பா” என்றார், பரவாயில்லை என்று. அப்பாயி எதற்கெடுத்தாலும் சொல்கிற அதே வார்த்தை.

14 மார்ச்
கை வலிக்கிறது என்று தைல பாட்டில் கேட்டால் பெரியது வாங்காதே, சின்னது போதும் என்பார். வேலைக்கு ஆள் வைக்க விடவில்லை. பழைய நைட்டியைத் தைத்துத் தைத்துப் போட்டார். நாங்களெல்லாம் அதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்தோம். நானும்தான். உற்சவக் குடையாம்!

15 மார்ச்
பள்ளி விடுமுறை. பிள்ளைகள் வீட்டில். எழுத முடியவில்லை.

17 மார்ச்
120-ல் 113 போனால் 7.

18 மார்ச்
நாகப்பட்டினத்திலிருந்து சின்ன அப்பாயி போனில் பேசினார். காது சரியாகக் கேட்கவில்லை, கத்திப் பேசினேன். “அந்தப் பெரும்புயல் அடிச்சுதே, அதுக்கு முந்தின வருசந்தான் அக்கா பெரியமனுசி ஆனா. புயல் ஓஞ்சு தை மாசம் கப்பல் ஏத்திட்டாங்க.” புயல் 1952 நவம்பர் கடைசி. அப்படியானால் 1953 தை. அந்த ஆகஸ்டில் இங்கே குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. அதற்குள் பெண்டாட்டியை வரவழைக்கத் தாத்தா அவசரப்பட்டிருக்க வேண்டும். கப்பலில் வாந்தி எடுத்தது பதினைந்து வயசுப் பிள்ளை. என் மகளுக்கு அடுத்த மாதம் பதினைந்து.

91 தப்பு. அச்சில் வந்துவிட்டது.

19 மார்ச்
பதினாறாம் நாள் காரியம். குடை வந்திருந்தார், குடையோடு. ஒல்லியான அம்மா. படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு இலையில் உட்கார்ந்தார். வடை பரிமாறினது சித்தப்பா. ஒன்று வைத்தார், தயங்கி இன்னொன்றும் வைத்தார். இருவரும் நிமிரவில்லை. பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார் அந்த அம்மா.

போகும்போது லிஃப்ட் வரை கூடப் போனேன். மீதி ஏழு மாதத்தை நான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, “உங்க பாட்டிக்கு 91-ஆ? என்கிட்ட 80-ன்னுதான் சொல்லுவாங்க” என்றார். லிஃப்ட் மூடிவிட்டது.

21 மார்ச்
சித்தப்பா நோட்டைக் கேட்டார். எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றேன்.