15 கிலோவும் அப்பத்தாவின் சம்படமும்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் கென்யாவின் மசை மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போவதென்று முடிவானால், சிங்கத்தைப் பற்றிய பேச்சு அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பலகாரப் பேச்சு வண்டி ஏறுகிறவரை ஓயாது. "அங்கன போயி பட்டினி கெடக்கவா?" என்பார் அப்பத்தா. அவ்வளவுதான், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். தேன்குழல், மணகோலம், அதிரசம், சீப்புச்சீடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எவர்சில்வர் சம்படம்.

நைரோபி வரை பிரச்சினை இல்லை. அங்கே வில்சன் விமான நிலையத்தில் மாராவுக்குக் குட்டி விமானம் ஏறும்போதுதான் வம்பு. ஆளுக்கு 15 கிலோ, அதுவும் கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து. பை சக்கரமில்லாததாக, அமுக்கினால் அமுங்குவதாக இருக்கணும். சாமான் வைக்கிற இடம் அவ்வளவு குறுகல். சம்படம் எங்கே அமுங்கும்?

"சரி அப்பத்தா, பிளாஸ்டிக் கவர்ல கட்டிக்கிடலாம்" என்று பேரன் சமாதானம் பேசுவான். கூடாது. 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பைகள் பரணில் தூங்குமே, அவற்றை எடுங்கள். உள்ளே வெண்ணெய்த்தாள் சுற்றினால் எண்ணெய் கசியாது. மணகோலம் பிறவியிலேயே உடைந்தது, அதனால் தைரியமாக அடியில் போடலாம். தேன்குழலை மேலே வைக்கணும், இல்லையென்றால் அதுவும் மணகோலம்தான். எதையும் குறைக்க அப்பத்தா சம்மதிக்காவிட்டால் நைரோபியிலிருந்து தரைவழிதான்: ஐந்தாறு மணி நேரம் குலுங்கணும், ஆனால் வண்டியில் தராசு கிடையாது.

பலகாரம் பிசையும் முன்பே முடிக்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே மறித்து, 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து. திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்கணும். ஆகவே எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டு சென்னைக்குப் பல்லவன் ரயிலைப் பிடியுங்கள். 60 தாண்டியவர்களுக்கு டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் ஊசி. அப்பத்தா வருகிறாரா, பலகாரம் மட்டும் வருகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

மாதம்? வைல்டுபீஸ்ட் என்கிற மாடு போன்ற மான்கள் கூட்டமாக மாரா ஆற்றைத் தாண்டுவது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. ஆடியும் புரட்டாசியும் அதற்குள் அடக்கம்; பத்திரிகை வைக்க யாரும் வரமாட்டார்கள். நுழைவுக் கட்டணம்தான் வயிற்றைக் கலக்கும்: ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஆளுக்கு நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற ஆறு மாதம் 100.

துணியில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம், செட்ஸி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். கருநீலக் கண்டாங்கி பீரோவிலேயே இருக்கட்டும். ஸ்வெட்டர் அவசியம், விடியற்காலையில் திறந்த வண்டியில் பல் கிட்டும்.

அந்த நேரத்தில் காபி அரைத் தம்ளருக்கு மேல் வேண்டாம். காலைச் சுற்று மூன்று நாலு மணி நேரம், வழியில் கழிப்பறை கிடையாது. டிரைவர் நாலு பக்கமும் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகு வண்டி மறைவில்தான் ஒதுங்கணும். சிங்கம் பக்கத்தில் படுத்திருந்தால் அவர் சொல்லமாட்டார். அது மதியம்வரைகூடத் தூங்கும்.