கோவாவை வெட்டினால் தலை விழும்

போன மழைக்காலத்து நைட் டியூட்டியில், ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவே ஒரு பெண் வந்து எனக்குத் தேயிலை விற்றாள். லிப்டன் தேயிலை. குரல் 1945ஆம் வருஷத்து அமெரிக்கக் குரல். கேட்டுக்கொண்டிருந்தவன் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்), கொழுந்து வாடட்டும் என்று காத்துக் கிடக்கும் உதவி டீமேக்கர். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நிகழ்ச்சியின் பெயர் 'இன்னர் சாங்டம் மிஸ்டரீஸ்'. ஹைமன் பிரவுன் தயாரித்து 1941 முதல் 1952 வரை ஓடிய அமெரிக்க வானொலி மர்மத் தொடர். ஆரம்பத்தில் ஒரு கதவு கிறீ...ச் என்று நிதானமாகத் திறக்கும். அப்புறம் ரேமண்ட் என்ற ஆள் வந்து பிணம், சவப்பெட்டி, கல்லறை என்று கடி ஜோக் அடித்துக் கதைக்குள் அழைத்துப் போவார். லிப்டன் விளம்பரம் கொடுத்த காலத்தில் மேரி என்று ஒருத்தியையும் சேர்த்தார்கள். ரேமண்ட் இழவு வீட்டுப் பேச்சுப் பேச, மேரி அவரைச் செல்லமாகக் கண்டித்துவிட்டு, கல்யாண வீட்டுக் குரலில் தேயிலையின் 'பிரிஸ்க்' சுவையைப் புகழுவாள். அந்தச் சொல் விளம்பரக்காரர்கள் சும்மா போட்டது இல்லை. தேயிலையை ருசி பார்ப்பவர்கள் இன்றைக்கும் சொல்லும் தொழில் சொல். நாக்கில் சப்பென்று படுத்துவிடாமல் சுறுக்கென்று எழுந்து நிற்கும் சாயத்துக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் டீமேக்கர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவார். அதைப் பிணங்களுக்கு நடுவே கேட்பேன் என்று நினைக்கவே இல்லை.

தாமஸ் லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கியவர். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டத்தில் அவர் உட்கார்ந்து பார்த்த உச்சியை இன்றும் லிப்டன் சீட் என்றுதான் சொல்கிறோம். ஆகவே அந்தக் கதவு கிறீச்சிட்டதில் மலைநாட்டுக் கொழுந்துக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

இந்தப் பழைய தொடர்கள் பலவும் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. இயர்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன். மற்றக் காது கொழுந்தை வாட்டும் ஃபேனுக்கு. பெல்ட் நழுவினால் முதலில் சத்தம்தான் மாறும்.

காதால் பயப்படும் பழக்கம் எனக்குச் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. பக்கத்துக் காம்பரா மாமாவிடம் ரேடியோ இருந்தது, எங்களிடம் இல்லை. ராத்திரி இலங்கை வானொலியில் நாடகம் தொடங்கினால் அப்பாயி குப்பிலாம்பைத் தணித்துவிடும். மண்ணெண்ணெய் மிச்சம், அவ்வளவுதான் காரணம். நாங்கள் இருட்டில் படுத்துக்கொண்டு சுவருக்கு மேலே வழியும் குரல்களைக் கேட்போம். மழை பிடித்தால் தகரம் பாதி வசனத்தைத் தின்றுவிடும். மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். நாங்கள் நிரப்பியதுதான் எப்போதும் கூடப் பயங்கரமாக இருந்தது.

ஒருமுறை ஒரு மர்ம நாடகம். துப்பறிகிறவர் எல்லாரையும் ஒரு அறையில் கூட்டி, "கொலை செய்தது வேறு யாருமில்லை..." என்றார். பேட்டரி இறங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா ரேடியோ முதுகில் பட் பட்டென்று தட்டுவது கேட்டது. கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். ஒரு முனகல், அப்புறம் அதுவும் இல்லை. மறுநாள் பேட்டரிகள் வெயிலில் காய்ந்தன. உயிர் வந்தது, ஆனால் நாடகம் போய்விட்டதே. "பங்காளிதான், வேற யாரு?" என்று அப்பாயி வழக்கை முடித்து வைத்தது. அந்தக் கதையில் பங்காளி என்று ஒருத்தரே கிடையாது.

இருட்டில் கேட்க வேண்டும் என்பதை எங்கள் லயம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. 1924 ஜனவரி 15இல் பிபிசி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் நாடகம் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது. விளக்கு அணைந்து போய் உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கும் கண் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட ஆரம்ப நாடகங்களில் ஒன்று அது. பத்து வருஷம் கழித்து, 1934இல், சிகாகோவில் வில்லிஸ் கூப்பர் தொடங்கிய தொடருக்குப் பெயரே 'லைட்ஸ் அவுட்', விளக்கை அணை. ஒலிபரப்பு நள்ளிரவில். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், விளம்பரதாரரும் கிடையாது. ஆகவே கையைக் கட்டிப்போட ஆளில்லை. 1936இல் கூப்பர் ஹாலிவுட்டுக்குப் போக, ஆர்ச் ஓபலர் வந்தார்.

எனக்குக் கதைகளை விட அவற்றின் சத்தங்கள்தான் பிடிக்கும். எலும்பு முறிய வேண்டுமா? இறைச்சிக் கடை விலா எலும்பைக் குழாய் ரெஞ்சில் வைத்து ஒடிப்பார்கள். மின்சார நாற்காலியில் ஆள் கருக வேண்டுமா? பன்றி இறைச்சியைப் பொரிப்பார்கள். தலை துண்டாக வேண்டுமென்றால் கோவா, அதாவது முட்டைக்கோஸ். ஒரே வெட்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கந்தப்பளைப் பக்கம் லொறியில் கோவா ஏற்றுவதைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது.

அவர்களுக்கு நானும் ஒன்று சொல்லிக் கொடுத்திருப்பேன். பறித்து வந்த பச்சைக் கொழுந்தின் காம்பை வளைத்தால் 'பொடக்' என்று ஒடியும். மைக் பக்கத்தில் வைத்தால் சுண்டுவிரல் முறிவதற்குத் தாராளமாகப் போதும். அதே காம்பு ராத்திரி முழுக்க வாடிய பிறகு சத்தமே இல்லாமல் மடங்கும். கைப்பிடி இலையை அள்ளி இறுக்கினாலும் சரசரக்காது, பட்டுத்துணி மாதிரி கைக்குள் அடங்கும். வாட்டம் சரி, இலையை உருட்டும் ரோலருக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். விடியப் புறத்தில் இருட்டுப் பிரியும் முன்னே இந்தச் சோதனையைச் செய்கிறவனுக்குச் சத்தம் இல்லாததும் ஒரு சத்தம்தான்.

ஓபலரின் 'கோழி இதயம்' மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. ஆய்வுகூடத்தில் வைத்த ஒரு கோழியின் இதயம் வளர்ந்து வளர்ந்து ஊரை, நாட்டை, உலகத்தை மூடுகிறது. பின்னால் லப்-டப், லப்-டப். 1937இல் ஒலிபரப்பான மூலப் பதிவு கிடைக்கவில்லை. பின்னாளில் இசைத்தட்டுக்காக ஓபலரே சுருக்கிச் செய்ததைத்தான் கேட்டேன். கோழி இதயம் என்றதும் எனக்குக் குழம்புதான் ஞாபகம் வந்தது, என்ன செய்ய. ஆனால் கழற்றி வைத்த பிறகு கீழே ரோலர் அதே தாளத்தில் சுற்ற ஆரம்பித்ததும், படியிறங்கும்போது கொஞ்சம் தயங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோலர்களுக்குக் காவலாக எங்களிடம் ரோதமுனி சாமி இருக்கிறார். அன்றைக்கு அவர் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஸ்டோரில் மிஷின்களுக்கு கிரீஸ் போடும் பெரியவர் ஒருவர் உண்டு. ஆட்கள் முன்னால் என்னை ஐயா என்பார், தனியாக இருந்தால் தம்பி. போன வாரம் இரண்டு மணிக்குச் சாயத்தண்ணியோடு (பால் இல்லாத தேத்தண்ணி) மேலே வந்தார்.

"என்னா தம்பி தெனமும் கேக்குறீங்க? பாட்டா?"

ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. இன்னர் சாங்டம் ஆரம்பம். கதவு கிறீ...ச் என்று மெதுவாகத் திறந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவத்தைச் சுருக்கினார், தலையைச் சாய்த்தார், முழுசாகக் கேட்டு முடித்தார்.

"கீலுக்கு எண்ணெ காட்டி எம்புட்டு வருசமாச்சி?"

"எண்பதுக்கு மேல இருக்கும்" என்றேன்.

"அதான்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் கேனோடு கீழே இறங்கிப் போனார்.