ஒரு 'ள்' எழுத்தும் ஒன்பதரை ஏக்கர் கூட்டுப் பட்டாவும்: சொட்டுநீர், சோலார் பம்புசெட் மானியம் வாங்கிய அனுபவம்

சொட்டுநீர் மானியத்துக்கு முதல் முறை 14 மாதம் அலைந்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை சொட்டுநீருக்கு ஆறு வாரத்தில் வேலை உத்தரவு வந்தது. சோலார் பம்புசெட்டுக்கு நான்கு மாதம் ஆனது. அதே நிலம், அதே கிணறு, அதே அலுவலகங்கள். இடையில் நாங்கள் செய்தது என்ன என்று எங்கள் ஊரில் பலரும் கேட்கிறார்கள். அதனால் விவரமாக எழுதிவைக்கிறேன்.

எங்களுடையது கொங்குப் பக்கத்தில் வானம் பார்த்த பூமி. அம்மா பங்குக்கு 3 ஏக்கர் 20 சென்ட். பாதி முருங்கை, மீதியில் மிளகாயும் தக்காளியும் மாறி மாறி வரும். எண்பது அடிக் கிணறு ஒன்று, அதன் மேட்டில் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின். அப்பா இலவச மின் இணைப்புக்குப் பதிந்துவைத்துவிட்டு, அது வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அன்றைக்கு 500 ரூபாய். அதைவிட எனக்கு வலித்தது அம்மா கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவதுதான். முதல் சுற்றில் பிடிக்காது. மூன்றாவது, நான்காவது சுற்றில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். அந்தப் புகை முகத்தில் அடிக்க, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்க்காலைப் பார்க்க ஓடுவார். வாய்க்காலில் விட்ட தண்ணீரில் பாதி, செடிக்குப் போகும் முன்பே மண்ணுக்குள் போய்விடும்.

2022 மே மாதம் முதல் தடவை விண்ணப்பித்தோம். சொட்டுநீர் கம்பெனி முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "ஆதார், சிட்டா, ரேஷன் கார்டு மூணும் குடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். நாங்களும் கொடுத்துவிட்டோம். அங்கேதான் முதல் தப்பு. அவர் என்ன ஏற்றினார், எது திரும்பி வந்தது என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. நான்கு மாதம் கழித்து நானே தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "உங்க அம்மாவுக்குச் சிறு விவசாயி சான்று இல்லையே" என்றார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. தாசில்தார் தரும் சான்று இருந்தால்தான் முழு மானியம். அம்மாவிடம் இருப்பது 3.20 ஏக்கர்தானே, சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் பட்டா கூட்டுப் பட்டா. தாத்தா காலத்து 9 ஏக்கர் 60 சென்ட் மொத்தமும் பெரியப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேர் பெயரிலும் ஒன்றாக இருக்கிறது. அனுபவத்தில் வரப்பு போட்டு முப்பது வருஷமாகிவிட்டது. காகிதத்தில் வரப்பு இல்லை. கணினியில் பார்க்கிறவருக்கு அம்மா ஒன்பதரை ஏக்கர் பட்டாதாரர். சான்று எப்படித் தருவார்கள்?

அதோடு இன்னொன்று. பட்டாவில் அம்மாவின் பெயர் 'ம்மாள்' என்று முடிகிறது. ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் 'ம்மா'. ஒரே ஒரு 'ள்'. ஊரில் யாரும் அதை ஒரு வித்தியாசமாகவே நினைக்க மாட்டார்கள். விண்ணப்பம் அதனால் மட்டும் இரண்டு தடவை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் 'ஆவணம் பொருந்தவில்லை' என்ற ஒற்றை வரி. எந்த ஆவணம், எதோடு பொருந்தவில்லை என்று யாரும் எழுதவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அந்த ஒரு வரியை நான்கு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் எங்களுக்கு ஒரு போகம் மிச்சமாகியிருக்கும். 2023 ஜூலையில் விண்ணப்பத்தை நாங்களே கைவிட்டோம். அந்தக் கோடையில் மிளகாய் அரை ஏக்கர் காய்ந்து போனது.

அப்புறம் யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. தாமதம் நடப்பது மானியம் தரும் துறையில் இல்லை, வருவாய்த் துறைக் காகிதத்தில்தான். பட்டாவைச் சரிசெய்யாமல் எத்தனை தடவை விண்ணப்பித்தாலும் அது அங்கேயே வந்து முட்டி நிற்கும்.

சரி, பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுவிடலாம் என்று பெரியப்பாவிடம் போனேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பன் இல்லாத வீடுன்னு நாங்க ஏமாத்திருவோம்னு பயமா கண்ணு?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "இல்லைங்க பெரியப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான். கூட்டுப் பட்டாவா இருக்கிற வரைக்கும் மூணு பேருக்குமே சான்று கிடைக்காது" என்று சிட்டாவை எடுத்துக் காட்டினேன். ஒன்பது அறுபது என்ற எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். அடுத்த வாரமே மூவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

பத்திரம் எழுதும்போது எழுத்தரிடம் சொல்லி, அம்மா பெயரை 'ம்மாள் (எ) ம்மா', அதாவது 'ம்மாள் என்கிற ம்மா' என்று இரண்டையும் போட வைத்தேன். அந்த '(எ)' எங்களுக்குச் செய்த உதவி கொஞ்ச நஞ்சமில்லை. பிறகு உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தோம். அதோடு பத்திர நகலையும் ஆதாரையும் காட்டி, புதுப் பட்டாவில் ஆதாரில் உள்ளபடியே பெயர் வர வேண்டும் என்று தனியாக மனு எழுதிக் கொடுத்தேன்.

நில அளவர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2024 ஜனவரி, காலைப் பனி விலகாத நேரம். நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள புலப்படத்தை விரித்துவைத்து அளந்துகொண்டே வந்தார். தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டிய எல்லைக் கல்லைக் காணவில்லை. சித்தப்பா கடப்பாரையால் வேப்ப மரத்தடியில் கிளறினார். ஒரு முழம் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. வேர் அதைச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. வேரை அறுக்காமல் மண்ணை மட்டும் விலக்கி, கல்லின் தலையில் சுண்ணாம்பு பூசினோம். அந்தக் கல்லிலிருந்து அளந்ததில் மூன்று பங்கும் சென்ட் பிசகாமல் வந்தது.

தனிப் பட்டா கையில் வந்தபோது மார்ச் நடுவாகிவிட்டது. மார்ச் 16 முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி வேறு. அவசரப்படவில்லை. மார்ச் மாதத்தில் வட்டாரத்துக்கு ஒதுக்கிய மானிய இலக்கு பெரும்பாலும் முடிந்திருக்கும், புது நிதியாண்டின் இலக்கு வந்த பிறகு விண்ணப்பித்தால் வேலை நகரும் என்று உதவித் தோட்டக்கலை அலுவலர் சொன்னார். அவர் சொன்னது மிகச் சரி. அந்த மூன்று மாதத்தில் இ-சேவை மையம் வழியாகச் சிறு விவசாயி சான்று வாங்கினோம். மண், தண்ணீர் மாதிரியும் கொடுத்தோம். தண்ணீர் மாதிரி எடுப்பதாக இருந்தால் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீரைக் கொடுத்தால் பரிசோதனை முடிவுக்கு அர்த்தமில்லை. எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம் என்று வந்தது. அதற்கேற்ற வடிகட்டியையும், டியூபுகளை அமிலம் விட்டுக் கழுவும் முறையையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஜூலை முதல் வாரம் அலுவலகத்தில் என் கண் முன்னாலேயே விண்ணப்பத்தை நுண்ணீர்ப் பாசனத்துக்கான மைமிஸ் இணையதளத்தில் ஏற்றினார்கள். சிட்டா, அடங்கல் (சாகுபடிப் பதிவு), புலப்படம், சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பரிசோதனை முடிவு, போட்டோ எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தின இரவே தரையில் வரிசையாகப் பரப்பி எழுத்து எழுத்தாகப் பார்த்திருந்தேன். கம்பெனியையும் நாங்களே தேர்ந்தெடுத்தோம். ஆட்கள் வந்து வயலை அளந்து வரைபடமும் மதிப்பீடும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் வேலை உத்தரவு, செப்டம்பரில் குழாய் பதிப்பு.

பதித்து முடித்த பிறகு ஆய்வுக்கு வந்தவர்கள் அம்மாவை வடிகட்டி பக்கத்தில் நிற்கவைத்து, இடக்குறியீட்டுடன் போட்டோ எடுத்தார்கள். அம்மா அவசரமாகத் தலையைச் சரிசெய்துகொண்டார். ஆய்வுக்கு முன்பு கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஒவ்வொரு வால்வையும் திறந்து, கடைசி வரிசையின் கடைசித் துளை வரை தண்ணீர் வருகிறதா என்று நடந்து பாருங்கள். எங்கள் வயலில் கடைசி இரண்டு வரிசைக்கு அழுத்தம் போதவில்லை. அன்றைக்கே சொன்னதால் மறுநாளே சரிசெய்தார்கள். ஒரு முறை மானியம் வாங்கினால் அதே நிலத்துக்கு மறுபடி வாங்க ஏழு வருஷம் ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டுநீரை முதலில் முடித்தது சோலாருக்கும் கைகொடுத்தது. 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் சோலார் பம்பு மானியத் திட்டமான பிஎம்-குசும் விதிப்படி, நிலத்தடி நீர் மிக இறங்கிப்போன பகுதிகளில் புதிதாகச் சோலார் பம்பு தரமாட்டார்கள். ஏற்கெனவே டீசல் எஞ்சின் ஓடுகிற கிணறாக இருந்து, நுண்ணீர்ப் பாசனமும் இருந்தால் மாற்றித் தருவார்கள். எங்கள் பகுதி அந்த வகை. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இதே கோப்பின் நகலோடு சொட்டுநீர் வேலை உத்தரவையும் எஞ்சின் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தோம். பட்டாவைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

மானியம் 60 சதவீதம், எங்கள் பங்கு 40. ஒரு லட்சத்துக்கும் மேலே ஆனது. அந்தப் பணத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். பங்குத் தொகை கட்டத் தாமதமானால் அங்கேயே கோப்பு நின்றுவிடும். அம்மா ஒரு சங்கிலியை அடகு வைத்தார். இப்போது மீட்டாகிவிட்டது.

இடம் பார்க்க வந்த பொறியாளர், சோலார் பலகை வைக்க நாங்கள் காட்டிய இடத்தை வேண்டாம் என்றார். தென்மேற்கே நிற்கும் தென்னையின் நிழல் மாலையில் விழுமாம். மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, "மரம் இருக்கட்டுங்க அம்மா, பலகையை நாம நகர்த்திக்குவோம்" என்று பதினைந்து அடி தள்ளிக் குறித்தார். அப்பா வைத்த தென்னை அது. பொறியாளருக்கு அது தெரியாது. 2025 பிப்ரவரியில் 4,800 வாட் பலகைகள் ஏறின. ஐந்து வருஷப் பராமரிப்பு கம்பெனியின் பொறுப்பு. அந்த ஒப்பந்தத் தாளை நகல் எடுத்துக் கிணற்றுக் கொட்டகையிலேயே தொங்கவிட்டிருக்கிறோம்.

காலை எட்டரைக்கு மேல் வெயில் ஏறியதும் அம்மா சுவிட்சைப் போடுகிறார். சத்தமே இல்லாததால் முதல் வாரம் முழுக்க ஓடுகிறதா என்று குழாயில் காது வைத்துப் பார்த்தார். மேகம் மூடினால் தண்ணீர் குறைகிறது, உண்மைதான். ஆனாலும் சொட்டுநீருக்கு அது போதுகிறது. மிளகாய் இந்தக் கோடையில் கடைசிப் பறிப்பு வரை பச்சையாக நின்றது.

சித்தப்பாவின் விண்ணப்பம் இப்போது மைமிஸில் இருக்கிறது. நேற்று மாலை அவர் காகிதங்களைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் பரப்பினார். ரேஷன் கார்டில் அவருடைய தலைப்பெழுத்து மாறியிருக்கிறது. இன்று காலை முதல் வேலையாக அதற்குத்தான் இ-சேவை மையம் போகிறோம்.