தைவான் சைக்கிள் சுற்று: திட்டம் மூன்றாம் முறை மாறிய கதை

தைவானைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சைக்கிள் பாதை ஏறக்குறைய 950 கி.மீ. தைபேயில் கிளம்பி தைபேயிலேயே முடிகிறது. முதல் வரைவில் நாளைக்கு 100 கி.மீ. என்று பத்து நாளாக வகுத்தது தப்புக் கணக்கு. காற்றைச் சேர்க்கவே இல்லை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம், அதனால் பயணம் நவம்பரில். அப்போது அங்கே வடகிழக்குப் பருவக்காற்று, நமக்கு ஐப்பசி மழை தரும் அதே பருவம். மேற்குக் கரையில் தெற்கே இறங்கும்வரை முதுகில் தள்ளும். அந்தக் கரையில் உள்ள சின்சூவுக்குக் காற்று நகரம் என்றே பெயர். கிழக்கே திரும்பி வடக்கு நோக்கினால் அதே காற்று நெஞ்சில் மோதும். ஆகவே மேற்கில் 100, கிழக்கில் 65. கிழக்கே தைடுங்கிலிருந்து ஹுவாலியென் வரை கடலோர 11ஆம் எண் சாலைதான் அழகு. ஆனாலும் 9ஆம் எண் பள்ளத்தாக்குச் சாலையே தேர்வு. நடுவில் இருக்கும் கடலோர மலைத்தொடர் காற்றைக் கொஞ்சம் தடுக்கும்.

சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் கடல் நம் பக்கமே இருக்கும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை இடது கைப்பிடிக்கு மாற்றியாயிற்று.

தெற்கில் மலையைக் கடக்கும் இடம் ஷோகா, சுமார் 460 மீட்டர் உயரம். வரைபடச் செயலியைக் கார் முறையில் விட்டால் 2019இல் திறந்த சுரங்கப்பாதைக்குள் இழுத்துப் போகும். அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஷோகாவை இடைநிறுத்தமாகக் குறித்தால் பழைய சாலையைக் காட்டும்.

ஹுவாலியென் முதல் சூஆவ் வரை ரயில். செங்குத்துப் பாறை, லாரிகள், சுரங்கங்கள். 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் மண் சரிந்ததும் இந்தச் சாலையில்தான். வீரம் காட்ட வேண்டிய இடம் இல்லை. ரயிலில் ஏற்ற, சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி முழுதும் மூடிய பையில் போட வேண்டும்.

சைக்கிளை விமானத்தில் ஏற்றும் பெட்டிக்கு: இடது பெடலின் மரை எதிர்த் திசை, கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். பின் டீரெய்லரை (சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கியர் கருவி) ஹேங்கரிலிருந்து (அதைச் சட்டத்தில் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) கழற்றிக் குமிழ்த்தாளில் சுற்றிச் சட்டத்துக்கு உள்பக்கமாகக் கட்டுவது முக்கியம். அப்படியே விட்டால் பெட்டி ஒரு தடவை கீழே விழுந்தாலும் ஹேங்கர் வளையும். அப்புறம் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக்கில் சிக்கும். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு என்பதால் உபரி ஒன்று கட்டாயம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் நுனிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கட்டை. பவர் பேங்க் கைப்பையில்தான். மின்சாரம் 110 வோல்ட், தட்டையான இரண்டு முனைப் பிளக்.

பாக்கி வேலை ஒன்று: கொண்டுபோகும் கருவிகளை மட்டும் வைத்து, சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்து முழுதும் பூட்டிப் பார்ப்பது. பெடலுக்கான 15 எம்.எம். ஸ்பேனர் பட்டியலில் விட்டுப்போயிருந்தது இப்போதே தெரிந்துவிட்டது.