38 செ.மீ. சயிக்கிள் ஹாண்டிலோட போய் 58ஓட திரும்பின கொழும்புப் பயணம்

முதல்ல பஸ்காரர்ட கதையைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றது. யாழ்ப்பாணத்தில வெள்ளிக்கிழமை இரவு பஸ், சீற்றுக்கு 2,800 ரூபா முதலே கட்டியாச்சு. சயிக்கிளின்ர முன்சில்லைக் கழட்டி, ஹாண்டிலைத் திருப்பி, பழைய பெட்சீற்றால சுத்தி, கீழ்ப்பெட்டிக்குள்ள ஒரு சூட்கேஸ் அளவு இடத்தில வைக்கிற மாதிரித்தான் கொண்டு போனனான். போனில கேக்கேக்க "பிரச்சினை இல்லை தங்கச்சி, கொண்டு வாங்கோ" எண்டவை பஸ் வெளிக்கிடுற நேரம் 1,500 ரூபா தாங்கோ, இல்லாட்டி இறக்குங்கோ எண்டு நிக்கினம். எனக்கு முன்னால மூண்டு மூடை வெங்காயம் ஏத்தினவரிட்ட 500தான் வாங்கினவை, நான் பாத்துக்கொண்டு நிண்டனான். இரவு ஒன்பதரைக்கு ரோட்டில நிண்டு என்ன கதைக்கிறது, குடுத்தன். ஒரு ஹாண்டில் வாங்கவெண்டு எடுத்து வைச்ச காசில பெரிய துண்டு அங்கயே போச்சு.

ஓம், இந்தப் பயணமே ஒரு ஹாண்டிலுக்காகத்தான். என்ர சயிக்கிள் ஃபிக்ஸ்ட் கியர், பின்சில்லு சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், காலைச் சும்மா வைச்சுக்கொண்டு உருள ஏலாது. பல்சில்லில முன்னுக்கு 46 பல், பின்னுக்கு 16, ஒரு பெடல் சுத்துக்குக் கிட்டத்தட்ட 6 மீற்றர் போகும். முன்பிரேக் ஒண்டு பூட்டியிருக்கிறன், அது இல்லாமல் ரோட்டில இறங்கவே கூடாது எண்டதில எனக்கு ரெண்டாவது கதை இல்லை. போன வருசம் டோக்கியோ, நியூயோர்க் பெடியள் வாகனங்களுக்கு நடுவில புகுந்து போற வீடியோக்களைப் பாத்து என்ர ஹாண்டிலை 38 செ.மீ.க்கு வெட்டினனான். ஊர் ஒழுங்கையில ஒண்டும் தெரியேல்லை. ஆனா சோளகக் காத்துக்குப் பண்ணைப் பாலத்தில போனா முன்சில்லு கையில நிக்குதில்லை, பக்கக் காத்து ஒருக்கா தட்ட ஒரு முழம் விலகுது. குனிஞ்சு ஓடினா சரியாகும், அதுக்கு வளைஞ்ச ட்ரொப் ஹாண்டில்தான் வேணும் எண்டு எனக்கு நானே முடிவெடுத்து டாம் வீதிக்கு வெளிக்கிட்டனான். கொழும்பில சயிக்கிள் சாமான் எண்டா எல்லாரும் கை காட்டுறது டாம் வீதியைத்தான்.

விடிய அஞ்சு மணிக்கு வெள்ளவத்தை. பெரியம்மான்ர மகன் அண்ணா அங்கதான் இருக்கிறார், அவரும் ஃபிக்ஸ்ட் கியர்தான் ஓடுறவர், 2022ல பெற்றோல் இல்லாமல் கொழும்பே வரிசையில நிண்ட நேரம் தொடங்கினது, இன்னும் விடேல்லை. முகம் கழுவி ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு மெரைன் ட்ரைவில இறங்கினம். வெளிச்சம் வரேக்க அந்த ரோட்டில ஓடுற சுகத்தை எப்பிடிச் சொல்றது, ஒரு பக்கம் தண்டவாளம், அதுக்கு அங்கால கடல், ஜூன் மாசம் எண்டபடியா கடல் குமுறிக்கொண்டு கிடக்குது, உப்புத்தண்ணி தூவானமா முகத்தில அடிக்குது. பம்பலப்பிட்டி தாண்டினாப்போல அண்ணா சொன்னார், "இந்தா, என்ர சயிக்கிளை ஓடிப் பார்."

அவர்ட ஹாண்டில் 58 செ.மீ. ரைசர், நடுவில இருந்து ரெண்டு பக்கமும் ஒரு 3 செ.மீ. எழும்பி கொஞ்சம் பின்னால சரிஞ்சது. ஏறி நூறு மீற்றர் போகேல்லை, எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ திறந்த மாதிரி இருந்துது. காத்து அதே காத்து, சயிக்கிள் நேரா போகுது! பிறகு வீட்டில இருந்து கணக்குப் போட்டுப் பாத்தன். உள்ளங்கையின்ர நடுவில இருந்து அளந்தா 38ல கை ஒரு செ.மீ. அசைய முன்சில்லு கிட்டத்தட்ட 4 பாகை திரும்புது, 58ல 2 பாகை சொச்சம்தான். காத்து தோளைத் தள்ள, தோள் கையைத் தள்ள, கை சில்லைத் திருப்புது. நான் ஒரு வருசமா காத்தைத் திட்டிக்கொண்டிருந்தனான்.

அதோட கால். ஃபிக்ஸ்ட் கியரில வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னால அமத்திப் பிடிக்கவேணும், அப்ப உடம்பு சீற்றில இருந்து எழும்பப் பாக்கும், அதைக் கீழ பிடிச்சு வைச்சிருக்கிறது கை. ஒடுங்கின ஹாண்டிலில இழுக்க இழுக்க முன்சில்லு அங்கயும் இங்கயும் நெளியும். அகலமானதில ரெண்டு கையும் ரெண்டு தூண் மாதிரி.

எண்டாலும் மனம் ட்ரொப்பை விடேல்லை. என்ர சயிக்கிளிலயே திரும்ப ஏறி காலிமுகத்திடல், கோட்டை தாண்டி ஒல்கொட் மாவத்தைக்கு வந்தன். அங்க பஸ்ஸுகள் ஒண்டை ஒண்டு முந்துற முந்தலும், மூடை தூக்கிற நாட்டாமைமாற்ற கைவண்டிலும், ஓட்டோக்களும், கோட்டை ஸ்டேசனுக்கு முன்னால ஒரு தனியார் பஸ் என்னை ஒரு ஓட்டோவோட சேத்து நெருக்கிச்சுது. ஹாண்டில் போற இடைவெளிதான், ஆனா என்ர முழங்கை ஓட்டோக் கண்ணாடியில அடிச்சுது. பிரேக்கை அமத்திக் காலை ஊண்டிக்கொண்டு நிண்டன், கை நடுங்குது. கடைக்குப் போய் டெயிலர் நாடாவால அளந்தன், நான் சயிக்கிளில இருக்கேக்க முழங்கைக்கு முழங்கை 52 செ.மீ.. ஹாண்டிலை வெட்டினா ஆள் ஒடுங்குறேல்லை! 52க்குக் கீழ நான் வெட்டின ஒவ்வொரு செ.மீ.யும் ரோட்டில எனக்கு ஒரு இடமும் மிச்சப்படுத்தித் தரேல்லை. ஒடுக்கமா வெட்டுங்கோ எண்டு சொல்ற ஆக்கள் இதை அளந்து பாத்திருப்பினம் எண்டு நான் நம்பேல்லை.

டாம் வீதிக் கடையில முதலாளி அன்பான மனுசன், ஆனா முதல் எடுத்துக் காட்டினது பின்னால நல்லா வளைஞ்சு வாற லேடீஸ் சயிக்கிள் ஹாண்டில். "தங்கச்சி, பொம்பளப் பிள்ளைகளுக்கு இதுதான் சொகுசு." சொகுசுதான், ஆனா ஃபிக்ஸ்ட் கியருக்கு ஆகாது. மற்றச் சயிக்கிளில மெதுவா முடக்குத் திரும்பேக்க பெடலை நிறுத்தி வைச்சு முழங்காலை ஒதுக்கலாம், எங்கட சயிக்கிளில கால் சுத்திக்கொண்டே இருக்கும், சரியா திரும்புற நேரம் முழங்கால் மேல வந்து ஹாண்டில் நுனியில இடிக்கும். அவரிட்ட இதைச் சொல்லிக் காட்ட, பெடலைக் கையால சுத்திப் பாத்திட்டு "அட, மெய்தான்" எண்டார்.

பிறகு உள்ளுக்கு இருந்து ஒண்டு கொண்டு வந்தார், யப்பானில இருந்து வந்த பழைய சாமான்களுக்குள்ள கிடந்த நிட்டோ கொம்பனின்ர பி123 எண்ட ட்ரொப் ஹாண்டில். இரும்பு, முழுக்க வளைவு, ஒரு இடத்திலயும் மூலை இல்லை. கெய்ரின் ஓட்டக்காரர் பிடிக்கிற ஹாண்டில், 1948ல யப்பானில கொகுராவில தொடங்கின சயிக்கிள் பந்தயம் அது. நடுக்கட்டு 25.4 மி.மீ., ஹாண்டிலை நடுவில பிடிக்கிற என்ர ஸ்டெம்முக்கு அப்பிடியே பொருந்தும். 9,500 ரூபா. கையில எடுத்த உடன வைக்க மனமில்லை, பத்து நிமிசம் வைச்சுக்கொண்டே நிண்டன்.

வைச்சிட்டன். அது பந்தயப் பாதையில, பஸ் இல்லாத, பிரேக்கே தேவையில்லாத இடத்தில, கீழ வளைவைப் பிடிச்சுக்கொண்டே ஓடுறதுக்குச் செஞ்சது. மேல்பக்கம் உடனயே சரிஞ்சு இறங்குது, நிமிர்ந்து ரோட்டைப் பாத்துக்கொண்டு பிடிக்க ஒரு நல்ல இடம் இல்லை. என்ர பிரேக் கை, அதாவது விரலால இழுக்கிற பிடி, 22.2 மி.மீ. குழாய்க்கானது, ட்ரொப் குழாய் 23.8, ஏறாது. அப்ப புதுப் பிரேக் கை, சுத்துற டேப் எல்லாம் சேத்தா 14,000க்குக் கிட்ட. கடையில கிடந்த மற்ற ட்ரொப் எல்லாம் 42, 44. என்ர தோள் எலும்புக்கு எலும்பு 37, கீழ வளைவைப் பிடிச்சு ஓட அது எனக்கு அகலம் கூட. அதோட, சில கொம்பனி குழாய் நடுவில இருந்து நடுவுக்கு அளக்கும், சில வெளியில இருந்து வெளிக்கு, ரெண்டுக்கும் 2.4 செ.மீ. வித்தியாசம் வரும். கட்டாயம் நாடாவோட போங்கோ, பெட்டியில இருக்கிற நம்பரை நம்ப வேண்டாம்.

அண்ணா சொன்னார் பழைய ட்ரொப் ஒண்டைத் தலைகீழா போட்டு நுனியை வெட்டினா மாட்டுக்கொம்பு மாதிரி முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற புல்ஹோர்ன், மலிவா முடியும் எண்டு. நல்ல யோசனை, ஏத்தத்துக்கு அதைப்போல பிடி இல்லை. ஆனா அதுக்கும் பிரேக் கை மாத்தவேணும்.

கடைசியா ரைசர் ஒண்டு, 58 செ.மீ., அலுமினியம், 25.4, விலை 3,200. பழைய பிரேக் கை, பழைய கிரிப் ரெண்டும் அப்பிடியே ஏறிச்சு. பூட்டின உடன பக்கத்தில புதுக்கடை எண்ட இடத்து ஏத்தத்தில ஏறிப் பாத்தன், டாம் வீதியில இருந்து நீதிமன்றப் பக்கம் ஏறுற துண்டு, சின்னதுதான் ஆனா செங்குத்து. 46க்கு 16ல எழும்பி நிண்டு மிதிக்கேக்க, மிதிக்கிற கால் பக்கத்துக் கையால ஹாண்டிலை மேல இழுக்கவேணும், 38ல ஏறியிருந்தா நடுவிலயே இறங்கித் தள்ளியிருப்பன். இதில மூச்சு வாங்கிச்சுது, ஆனா நேரா ஏறினன், அண்ணா மேல நிண்டு கை தட்டினார்!

அந்தச் சந்தோசத்துக்கு மழையும் வந்திட்டுது. புதுக்கடையில ஒரு தகரக் கூரைக்குக் கீழ ஒதுங்கினம், பின்னேரம் எண்டபடியா சாப்பாட்டுக் கடைகள் அடுப்பு மூட்டத் தொடங்கிட்டுது. கல்லில இருந்து எடுத்து ரெண்டு கையாலயும் அடிச்சு நொறுக்கின பராட்டா, அதுக்கு மேல கோழிக்கறிக் குழம்பு, மிளகு வாசம் மூக்கில ஏறுது. ஆளுக்கு நாலு சாப்பிட்டம். யாழ்ப்பாணத்துக் கறிதான் உலகத்திலயே திறம் எண்டு சொல்ற ஆள் நான், அண்டைக்கு அந்தக் குழம்பைக் கையால வழிச்சுச் சாப்பிட்டன். ரெண்டு பேருக்கும் 1,700 ரூபா, ஒரு சதமும் வீண் இல்லை.

செலவைக் கடைசியில ஒழுங்கா எழுதுவம் எண்டு இருந்தனான். போக வர பஸ் 5,600, போகேக்க சயிக்கிளுக்கு 1,500, ஹாண்டில் 3,200, பூட்டுக்கூலி கடை முதலாளி வாங்கேல்லை. வரேக்க வேற பஸ், சயிக்கிளுக்கு 500தான் கேட்டவை, அதையும் கேட்டுப் பேசி முதலே நிச்சயம் பண்ணிக்கொண்டுதான் ஏறினனான்.

இப்ப கிரிப்பையும் பிரேக் கையையும் ரெண்டு பக்கமும் 1 செ.மீ. உள்ளுக்குத் தள்ளி வைச்சிருக்கிறன், 56 காணுமோ எண்டு பாக்கிறதுக்கு. வெளியில நீட்டிக்கொண்டிருக்கிற துண்டில மார்க்கரால கோடு போட்டிருக்கு. நாளைக்குக் காலமை பண்ணைப் பாலம், சோளகம் இன்னும் விடேல்லை. ரெண்டு கிழமை ஓடிப் பாக்காமல் அப்பான்ர இரும்பு வெட்டுற ஹக்ஸோவைத் தொடமாட்டன்.