புகை நாட்களில் அம்மாவின் அறை

2023 ஜூனில் கியூபெக் காடுகள் எரிந்தபோது, புகை பல நூறு கிலோமீற்றர் கடந்து ரொறன்ரோவுக்கும் வந்தது. ஸ்காபரோவில் எங்கட பல்கனியில் நின்றால் எதிர்க்கட்டிடம் மங்கலாய்த்தான் தெரிந்தது. அந்த வருசம் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேயருக்கு மேல் எரிந்து போனது. 2025 கோடையிலும் புகை வந்தது. இனி பனிக்கு ஆயத்தமாகிற மாதிரி இதற்கும் ஆயத்தமாக வேணும்.

அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா). காற்று எவ்வளவு கெட்டிருக்கு எண்டு காட்டுகிற காற்றுத்தரச் சுகாதாரக் குறியீடு (AQHI) 7ஐத் தொட்டால் அவ காலை நடைக்குப் போறதில்லை. புகையில் இருக்கிற 2.5 மைக்ரோனுக்கும் குறைந்த துகள்கள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். யன்னலைப் பூட்டினாலும் இடுக்குகளால் உள்ளே வரும்.

அதனால் முழு வீட்டையும் காப்பாற்றப் பார்க்காமல் ஒரு அறையைத் தெரிவு செய்யுங்கோ. நாங்கள் அம்மாவின் அறையில் கோர்சி-ரோசென்தால் பெட்டி எண்டு சொல்கிற, வீட்டிலேயே செய்யக்கூடிய காற்று வடிகட்டியை வைத்திருக்கிறோம். 20 அங்குலச் சதுர மெர்வ் 13 (MERV 13, நுண்துகளைப் பிடிக்கிற தரம்) ஃபில்டர் நான்கை நாலு சுவராக நிறுத்தி, அடியில் மட்டை வைத்து, மேலே பெட்டி விசிறியைக் காற்று மேல்நோக்கிப் போகிற மாதிரிப் படுக்கவைத்து, இடுக்கு விடாமல் டேப் ஒட்டினால் சரி. ஃபில்டரில் போட்டிருக்கிற அம்புக்குறி உள்பக்கம் பார்க்கவேணும். அதைக் கவனமாய்ப் பாருங்கோ. வெள்ளையாய் வாங்கின ஃபில்டர் கோடை முடிய சாம்பல் நிறமாகியிருந்தது. அதில் ஒரு பங்கு அம்மாவின் நெஞ்சுக்குள் போயிருக்கும்.

எங்கட வீடுகளில் இன்னொன்றும் இருக்கு: உள்ளேயே நாங்கள் உண்டாக்கிற புகை. பொரியல், தாளிதம், ஊதுபத்தி எல்லாம் அதே நுண்துகளைத்தான் தரும். குசினி விசிறியைப் போட்டால் அது உள்காற்றை வெளியே தள்ள, அந்த இடத்துக்கு வெளிப்புகை வந்து சேரும். ஆகவே அந்த நாட்களில் இடியப்பமும் சொதியும்தான். சாம்பிராணிக்குத்தான் கொஞ்சம் கதைக்க வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் எப்பிடி பிள்ளை?"

"பூ வையுங்கோ அம்மா, புகை போனாப் பிறகு போடுவம்."

அவ மல்லிகை வைத்தா.

வெளியே போகத்தான் வேணுமெண்டால் என்95 முகக்கவசம் போடுங்கோ. துணியும் நீல நிற முகக்கவசமும் இந்தத் துகளுக்குப் போதாது. கூரை வேலைக்குப் போற தம்பி தாடியை மழித்துவிட்டான். தாடி இருந்தால் ஓரத்தால் காற்று புகுந்துவிடும். காரில் வெளிக்காற்றை மறித்து, உள்காற்றையே சுழலவிடுங்கோ.

ஏசி இல்லாத வீட்டில், கொளுத்துகிற வெயிலில் யன்னலைப் பூட்டிக்கொண்டு முதியவர்களை இருத்தாதையுங்கோ. வெக்கை புகையைவிட வேகமாக ஆளை விழுத்தும். நூலகத்துக்கோ மோலுக்கோ கூட்டிக்கொண்டு போங்கோ.

புகை வந்த பிறகு கடைக்கு ஓடினால் ஃபில்டர் தட்டு வெறுமையாக இருக்கும். மே மாதமே வாங்கி வையுங்கோ. அம்மா அப்பாவின் இன்ஹேலரில் மருந்து மிச்சம் இருக்கா, திகதி முடிந்துவிட்டதா எண்டும் அப்பவே பாருங்கோ.